பெயர் பட்டியலில் இருக்கிறது, இன்ஸ்டாலர் மட்டும் "இல்லை" என்கிறது. ஏன்?

11 அக்டோபர் 2025, சனி, காலை 9.40. பட்டர்வொர்த்திலிருந்து வந்த கேள்வி

பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறோம். தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள்தான். 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும் என்றார்கள், அதனால் போன வாரமே கடைக் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றிவிட்டேன். சரக்குக் கணக்குக்கு ஒரு மென்பொருள், பதிப்பு 8. அதை 9-க்கு ஏற்ற, விற்றவர்கள் ஒரு கோப்பு அனுப்பினார்கள். ஓட்டினால், "பதிப்பு 8 இந்தக் கணினியில் இல்லை" என்று நின்றுவிடுகிறது. கணினியில் போட்ட மென்பொருள்களின் பட்டியலில் பெயர் இருக்கிறது. மகன் அதைத் திறந்து பில்லும் போட்டுக்கொண்டிருக்கிறான். கண் முன்னே இருப்பதை எப்படி இல்லை என்கிறது? விண்டோஸ் 11-தான் காரணமா? பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா அண்ணே?

11 அக்டோபர், காலை 10.20

அழிக்காதீர்கள் தங்கச்சி. காரணம் அப்புறம் பேசலாம், முதலில் டேட்டா இருக்கும் ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

11 அக்டோபர், இரவு 11.05

சரி, இப்போது காரணம். பட்டியலில் நாம் பார்க்கும் பெயர் கடை வாசலில் தொங்கும் பலகை மாதிரி. இன்ஸ்டாலர் பலகையைப் படிப்பதில்லை. அது ஐசி (அடையாள அட்டை) எண்ணைக் கேட்கிறது.

மென்பொருளை ஏற்றும் கோப்பு எம்எஸ்ஐ வகைப் பொதி என்றால் (ஆஃபிஸ் 2000 காலத்திலிருந்து மைக்ரோசாஃப்ட் கொடுத்துவரும் முறை இது, விண்டோஸ் இன்ஸ்டாலர் என்று பெயர்) ஒவ்வொரு மென்பொருளுக்கும் மூன்று எண்கள் உண்டு. ப்ராடக்ட் கோடு, அந்தக் குறிப்பிட்ட பதிப்புக்கு உரியது. அப்கிரேடு கோடு, 8 ஆனாலும் 9 ஆனாலும் மாறாமல் வரவேண்டிய குடும்ப எண். பேக்கேஜ் கோடு, அந்த ஒரு கோப்புக்கு மட்டும் உரியது. மூன்றும் 32 குறிகள் கொண்ட நீள எண்கள். புதிய பதிப்பின் இன்ஸ்டாலர் உள்ளே வந்ததும், "என் குடும்ப எண்ணோடு இங்கே வேறு யாராவது இருக்கிறார்களா, இருந்தால் அவர்களின் பதிப்பு எண் என்ன" என்று மட்டும் கேட்கும். ஆள் கிடைத்தால் பழையதை நீக்கிவிட்டுத் தான் உட்காரும். கிடைக்காவிட்டால், பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் அதற்கு அந்நியர்தான்.

ஆகவே இரண்டு வாய்ப்பு. ஒன்று, விற்றவர்கள் 9-இல் குடும்ப எண்ணை மாற்றிவிட்டார்கள். இரண்டு, விண்டோஸ் 11-க்கு மாறியபோது, 8 இங்கே இருக்கிறது என்று விண்டோஸ் எழுதிவைத்திருந்த பதிவு கெட்டுப்போய்விட்டது. எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம்.

பார்க்கும் இடத்தைச் சொல்கிறேன். ரெஜ்எடிட் (விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைக் காட்டும் நிரல்) திறந்து லோக்கல் மெஷின் கிளைக்குள் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், அன்இன்ஸ்டால் என்று இறங்குங்கள். இது 64 பிட் பட்டியல். 32 பிட் மென்பொருள் என்றால் சாஃப்ட்வேருக்கு அடுத்து வாவ்6432நோட் என்ற கிளை வரும், அதற்குள் இதே பாதை. எதையும் மாற்றவேண்டாம், பார்த்துவிட்டு மூடுங்கள்.

12 அக்டோபர், ஞாயிறு, மதியம் 2.30

இரண்டு இடத்திலும் இல்லை என்று எழுதியிருக்கிறார். பதிவு கெட்டுப்போனது என்றே நினைத்தேன். அதற்குள் ஈப்போவிலிருந்து ஒரு அண்ணன் எழுதினார்: "மூணாவது இடத்தை விட்டுட்டீங்களே!"

அவர் சொல்வது சரி. நேற்று இரவு நான் எழுதியதில் அது விடுபட்டது பெரிய பிழை. விண்டோஸ் 11 மேல் போட்ட பழியையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கரண்ட் யூசர் என்று இன்னொரு கிளை இருக்கிறது, அதற்குள்ளும் இதே அன்இன்ஸ்டால் பட்டியல் உண்டு. யார் பெயரில் கணினிக்குள் நுழைந்திருக்கிறோமோ அவருக்கு மட்டும் தெரியும் பட்டியல் அது.

தங்கச்சி, ஒரு கேள்வி. மகன் பில் போடுவது அவனுடைய அக்கவுண்டிலா? நீங்கள் 9-ஐ ஓட்டியது எந்த அக்கவுண்டில்?

12 அக்டோபர், இரவு 9.50

பதில் வந்துவிட்டது. மகன் தன் அக்கவுண்டில் பில் போடுகிறான். பட்டியலில் பெயரைப் பார்த்ததும் அவன் திரையில்தான். இவர் இன்ஸ்டாலரை ஓட்டியதும் ரெஜிஸ்ட்ரியைப் பார்த்ததும் தன்னுடைய அட்மின் அக்கவுண்டில். மூன்று வருடம் முன்பு 8-ஐப் போட்டவனும் மகனே.

போடும்போது ஒரு திரை வந்திருக்கும்: "எனக்கு மட்டும்", "இந்தக் கணினியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும்". பையன் முதலில் இருந்ததை அமுக்கியிருப்பான். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் அமுக்குவார்கள். ஆனால் அந்த ஒரு கிளிக்கில் மென்பொருள் கணினியின் சொத்தாக இல்லாமல் அவன் தனிச்சொத்தாகிவிட்டது. புதிய பொதி "எல்லோருக்கும்" என்ற வகை. அந்த வகைப் பொதி தேடும்போது எல்லோருக்கும் என்று போடப்பட்டவற்றை மட்டும்தான் பார்க்கும். ஒருவருக்கு மட்டும் என்று போட்டதை, குடும்ப எண் அதே எண்ணாக இருந்தாலும், கணக்கில் சேர்க்காது. விண்டோஸ் இன்ஸ்டாலரின் விதியே அப்படி, 10-இலும் அப்படித்தான், 11-இலும் அப்படித்தான்.

13 அக்டோபர், திங்கள், அதிகாலை 1.15

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். "அழிக்காதீர்கள்" என்று நான் பதறியதற்குக் காரணம் இருக்கிறது.

2022-இல் ஜார்ஜ்டவுன் லெபோ பாசார் பக்கம் ஒரு மசாலா மொத்தக்கடையில் இதே விஷயத்தில் நான் மாட்டினேன். அங்கே வந்தது அப்கிரேடு பொதி இல்லை, முழுப் பொதி. அதனால் "பழையது இல்லை" என்று நிற்கவில்லை. நல்லபடியாக ஏறி, "முடிந்தது" என்றும் காட்டியது. நானும் கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பழையது முதலாளியின் அண்ணன் மகன் அக்கவுண்டில் உயிரோடு இருந்தது. புதியது முதலாளி அக்கவுண்டில். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே ஐகான், ஆனால் டேட்டா ஃபோல்டர் தனித்தனி. காலையில் முதலாளி பில் போடுவார், மதியம் பையன் உட்காருவான். பதினொரு நாள் இப்படி ஓடியிருக்கிறது.

கண்டுபிடித்தது கடையில் மூட்டை எடுத்துக்கொடுக்கும் வயதான கணக்குப்பிள்ளை. ஏலக்காய் டின் மேலேயே பென்சிலால் வரவு செலவு குறித்துவைப்பது அவர் வழக்கம். முதலாளி திரையில் ஏலக்காய் 26 கிலோ. டின்னில் பென்சில் கணக்கு 9 கிலோ. தராசில் வைத்தோம், 9 கிலோ 200 கிராம். அப்போதுதான் பையனின் திரையைத் திறந்து பார்த்தோம், அவன் விற்றதெல்லாம் அங்கே தனியாக நின்றுகொண்டிருந்தது. மூன்று இரவு உட்கார்ந்து பையன் போட்ட பில்களை ஒவ்வொன்றாக முதலாளி பக்கம் ஏற்றினேன். அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சோம்பு, கசகசா, பட்டை என்று ஒவ்வொன்றையும் வாசித்தார். அவர் டின்களில் எழுதாமல் இருந்திருந்தால் எது சரி என்று சொல்ல எங்களுக்கு வழியே இல்லை.

அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் முதல் வேலை அக்கவுண்டுகளை எண்ணுவது. ஒவ்வொன்றிலும் நுழைந்து பட்டியலைப் பார்த்த பிறகுதான் எதையும் ஓட்டுவேன். இத்தனை தெரிந்தும் சனிக்கிழமை இரவு மூன்றாவது இடத்தை எழுத மறந்தேன் என்பது உறுத்துகிறது.

13 அக்டோபர், காலை 8.10

செய்யவேண்டியதை வரிசையாகக் கேட்டிருக்கிறார். மகன் அக்கவுண்டில் நுழையுங்கள். மென்பொருளுக்குள்ளேயே பேக்கப் இருந்தால் எடுங்கள். அது போக, அந்த அக்கவுண்டுக்கென்று தனியாக இருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரில் அதன் பெயரில் இருப்பதை அப்படியே நகலெடுங்கள். அந்த நகல் திறக்கிறதா என்று வேறொரு கணினியில் பாருங்கள். இதைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம். பிறகு விற்றவர்களிடம் 9-இன் முழுப் பொதியைக் கேளுங்கள், அப்கிரேடு பொதி உங்களுக்கு உதவாது. அது கைக்கு வந்த பிறகு, மகன் அக்கவுண்டிலிருந்தே 8-ஐ நீக்கிவிட்டு, உங்கள் அக்கவுண்டில் 9-ஐ "எல்லோருக்கும்" என்று போட்டு, டேட்டாவை ஏற்றுங்கள்.

ஆனால் இதையெல்லாம் தீபாவளி முடிந்து செய்யுங்கள். 8 ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, வியாபார நேரத்தில் கை வைக்காதீர்கள்.

16 அக்டோபர், வியாழன், இரவு 10.30

பேச்சு வேறு பக்கம் போகிறது, போகட்டும், இதுவும் தேவைதான். பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டார்: "அக்காவுக்கு வந்தது அக்கவுண்ட் பிரச்சினை. எங்களுக்கு வந்தது வேற. விண்டோஸ் 11-இல் ஒரு பழைய இன்ஸ்டாலர் 'விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேல் வேண்டும்' என்று நிற்கிறது. 11 மேல்தானே?"

மேல்தான். ஆனால் இன்ஸ்டாலரின் காதில் விழும் எண் வேறு. உள்ளுக்குள் விண்டோஸ் 7 என்பது 6.1, விண்டோஸ் 8 என்பது 6.2, 8.1 என்பது 6.3. அதன் பிறகு ஒரே தாவலாக 10.0. விண்டோஸ் 11-க்குத் தனி எண்ணே கிடையாது, அதுவும் 10.0-தான். அதற்குப் பின்னால் வரும் பில்டு எண் 22000-இலிருந்து தொடங்கினால் 11 என்று புரிந்துகொள்ளவேண்டியது. ரெஜிஸ்ட்ரியில் ப்ராடக்ட்நேம் என்ற வரியைப் பார்த்தால் விண்டோஸ் 11 கணினியிலும் "விண்டோஸ் 10" என்றே எழுதியிருக்கும். அந்த வரியைப் படித்து முடிவெடுக்கும் நிரல் ஏமாந்துபோகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 8.1-இலிருந்து, "உன் பதிப்பு எண் என்ன" என்று கேட்கும் பழைய ஃபங்ஷனுக்கு விண்டோஸ் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. நிரல் தன் மேனிஃபெஸ்டில் (தன்னைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு) "எனக்கு விண்டோஸ் 10 தெரியும்" என்று எழுதிவைத்திருந்தால்தான் 10.0 என்று சொல்லும். எழுதாவிட்டால் 6.2 என்று சொல்லிவிடும். எம்எஸ்ஐ-யில் வெர்ஷன்என்டி என்ற மதிப்பும் அப்படித்தான், விண்டோஸ் 10-இலும் 603-லேயே, அதாவது 6.3-லேயே, நிற்கிறது. தம்பியின் இன்ஸ்டாலர் அந்த மதிப்பு 1000-க்கு மேல் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அது எந்த விண்டோஸ் 10-இலும் ஏறியிருக்காது.

16 அக்டோபர், இரவு 11.20

விண்டோஸ் ஏன் இப்படி எண்ணை மாற்றிச் சொல்கிறது என்று கோபப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. விண்டோஸ் 3.1 (உள்ளுக்குள் அதன் எண் 3.10) காலத்து நிரல்கள் பல, "பெரிய எண் 3-க்குக் குறையக்கூடாது, சிறிய எண் 10-க்குக் குறையக்கூடாது" என்று தனித்தனியாகச் சோதித்தன. விண்டோஸ் 95-இன் உண்மையான எண் 4.0. பெரிய எண் தேறிவிடும், சிறிய எண் பூஜ்ஜியம், தோற்றுவிடும். அதனால் பழைய 16 பிட் நிரல்கள் கேட்டால் மட்டும் விண்டோஸ் 95 தன்னை 3.95 என்று சொல்லிக்கொண்டது. எக்ஸ்பி 5.1, விஸ்டா 6.0, அப்போதும் அதே தவறு திரும்ப வந்தது. விண்டோஸ் 7-க்கு 7.0 என்று வைக்காமல் 6.1 என்று வைத்ததற்குக் காரணமும் பழைய நிரல்கள் உடையக்கூடாது என்பதே.

மேக்கிலும் இது நடந்தது. பிக் சர் வந்தபோது அதன் எண் 11. பழைய கருவிகளால் கட்டிய நிரல்களுக்கு மட்டும் 10.16 என்று சொன்னது.

எழுதுகிறவர்கள் கணினியின் பெயரையும் எண்ணையும் கேட்பதைவிட, தங்களுக்கு வேண்டிய வசதி அங்கே இருக்கிறதா என்று கேட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். எண்ணைக் கேட்டே ஆகவேண்டும் என்றால் பெரிய எண், சிறிய எண், பில்டு எண் மூன்றையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

18 அக்டோபர், சனி, இரவு 12.40

யாரோ ஒருவர் நல்ல மனதோடு, மென்பொருள் பட்டியல் எடுக்க வின்32 ப்ராடக்ட் என்ற டபிள்யூஎம்ஐ (விண்டோஸிடம் கணினி விவரம் கேட்கும் வழி) கட்டளையை எழுதியிருக்கிறார். தயவுசெய்து ஓட்டாதீர்கள். அது பட்டியல் மட்டும் எடுப்பதில்லை. ஒவ்வொரு எம்எஸ்ஐ-யையும் எழுப்பி, சரியாக இருக்கிறதா என்று சோதித்து, குறை கண்டால் பழுதுபார்க்கவும் ஆரம்பித்துவிடும். பண்டிகைக் கூட்டத்தில் கல்லாவில் இருக்கும் கணினியில் இதை ஓட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதோடு எம்எஸ்ஐ அல்லாதவை அதில் வராது. பட்டியல் எடுக்க விங்கெட் லிஸ்ட் என்ற கட்டளை போதும்.

22 அக்டோபர், புதன், இரவு 9.15

அனைவருக்கும் தாமதமான தீபாவளி வாழ்த்து. மூன்று நாள் கணினி பக்கம் போகவில்லை.

பாயான் லெப்பாஸ் தம்பி இப்போது தன் நிறுவனத்துக்காகத் தானே பொதி கட்டப்போகிறாராம், எதைக் கவனிக்கவேண்டும் என்று கேட்கிறார். முதலாவது அந்தக் குடும்ப எண். அதை ஒருமுறை உருவாக்கிவிட்டால், நிறுவனம் விற்றுப்போனாலும் பெயர் மாறினாலும் அதை மாற்றக்கூடாது.

பதிப்பு எண்ணில் ஒரு குழி இருக்கிறது. எம்எஸ்ஐ முதல் மூன்று எண்களைத்தான் ஒப்பிடும். 3.2.1.4-இலிருந்து 3.2.1.5-க்குப் போனால், அதன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முதல் எண் 255-ஐத் தாண்டக்கூடாது, ஆகவே வருடத்தை 2025 என்று அப்படியே வைக்கமுடியாது, 25 என்று வைக்கலாம்.

இன்னோ செட்அப் (இன்ஸ்டாலர் கட்டும் இன்னொரு கருவி) என்றால் கதை வேறு. அங்கே ஆப்ஐடி என்று ஒன்று, அதோடு "_இஸ்1" என்ற ஒட்டு சேர்ந்து அன்இன்ஸ்டால் பட்டியலில் பதியும். ஆப்ஐடி கொடுக்காவிட்டால் மென்பொருளின் பெயரையே எடுத்துக்கொள்ளும். பெயரில் வருடத்தைச் சேர்த்து "கணக்கு 2024", "கணக்கு 2025" என்று வெளியிட்டால், இரண்டும் தனித்தனி ஆட்களாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். பல கணினிகளில் ஒரே மென்பொருள் நாலு வரியாக நிற்பதற்கு இது ஒரு காரணம்.

எம்எஸ்ஐஎக்ஸ் (எம்எஸ்ஐ-க்குப் பின் வந்த பொதி வகை) என்றால் இன்னும் கறார். பெயரோடு, வெளியிடுபவரின் சான்றிதழ்ப் பெயரிலிருந்து பிழிந்தெடுத்த 13 எழுத்து ஒட்டிக்கொள்ளும். சான்றிதழில் நிறுவனப் பெயர் மாறினால் குடும்பமே மாறிவிடும்.

22 அக்டோபர், இரவு 9.40

ஒன்று விட்டுவிட்டேன் தம்பி. கோப்பின் பெயரும் கணக்கில் வரும். விஸ்டாவிலிருந்து, மேனிஃபெஸ்ட் இல்லாத 32 பிட் நிரலின் பெயரில் செட்அப், இன்ஸ்டால், அப்டேட் என்று இருந்தால், விண்டோஸ் அதை இன்ஸ்டாலர் என்று ஊகித்து அட்மின் அனுமதி கேட்கும். விலைப்பட்டியலைப் புதுப்பிக்கும் சின்ன நிரலுக்கு அப்டேட் என்று பெயர் வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கிறதே என்று தவித்த ஒரு கிளினிக்கை எனக்குத் தெரியும். மேனிஃபெஸ்ட் வைத்தால் தீர்ந்தது.

2 நவம்பர், ஞாயிறு, மாலை 6.00

பட்டர்வொர்த் வேலை முடிந்தது. நேற்று ஃபெர்ரியில் நானே அக்கரைக்குப் போய்விட்டேன், எழுதி எழுதிச் சொல்வதைவிட நேரில் பார்ப்பது நல்லது என்று தோன்றியது. டேட்டா நகலை முதலில் என் மடிக்கணினியில் திறந்து பார்த்தோம். கடைசி பில் 31 அக்டோபர், கற்பூரம், இரண்டு டப்பா. அது சரியாக இருந்த பிறகுதான் 8-ஐ நீக்கினோம். நீக்கும்போது ஒரு தடங்கல்: பழைய எம்எஸ்ஐ கோப்பைக் கேட்டது. வட்டில் இடம் போதவில்லை என்று யாரோ விண்டோஸ் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரைக் காலி செய்திருக்கிறார்கள். போட்ட ஒவ்வொரு எம்எஸ்ஐ-யின் பிரதியும் பெயர் மாற்றி அங்கேதான் இருக்கும், நீக்கவும் பழுதுபார்க்கவும் அது வேண்டும். நல்லவேளை, மகன் 8-இன் மூலக்கோப்பைத் தன் டவுன்லோட்ஸில் இன்னும் வைத்திருந்தான். அந்த இடத்தைக் காட்டியதும் நீங்கியது.

9 இப்போது எல்லோருக்கும் என்று ஏறியிருக்கிறது. இரண்டு அக்கவுண்டிலும் திறந்து சாம்பிராணி இருப்பைப் பார்த்தோம், இரண்டிலும் 48. அலமாரியில் எண்ணினோம், 48.

5 நவம்பர், புதன், இரவு 10.10

ஈப்போ அண்ணன் திரும்பவும் ஒரு திருத்தம் தந்திருக்கிறார், அதையும் பதிந்துவிடுகிறேன். ஒருவருக்கு மட்டும் என்று போட்டது லோக்கல் மெஷின் கிளையில் எங்கேயும் தெரியாது என்பது போல மேலே எழுதிவிட்டேன். அன்இன்ஸ்டால் பட்டியலில் தெரியாது என்பதுதான் உண்மை. எம்எஸ்ஐ என்றால் அதே கரண்ட்வெர்ஷனுக்குக் கீழே இன்ஸ்டாலர், அதற்குள் யூசர்டேட்டா என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் எஸ்-1-5 என்று தொடங்கும் ஒரு கிளை. எஸ்-1-5-18 எல்லோருக்கும் பொதுவானது, மற்றவை தனித்தனி ஆட்களுடையவை. அட்மினாக நுழைந்தால், ஒவ்வொரு அக்கவுண்டாக ஏறி இறங்காமல் அங்கேயே எல்லாரையும் பார்த்துவிடலாம்.

ப்ராடக்ட் கோடு அங்கே நேராக எழுதியிருக்காது, திருப்பிப் போட்டிருக்கும். 12345678 என்று தொடங்கும் எண் 87654321 என்று நிற்கும். அடுத்த இரண்டு நான்கு இலக்கத் துண்டுகளும் அதேபோல் பின்னாலிருந்து. மிச்சம் பதினாறு இலக்கம் இரண்டிரண்டாக இடம் மாறும், 90 என்பது 09 ஆகும். அப்படியே நகலெடுத்துத் தேடினால் கிடைக்காது. உள்ளே இன்ஸ்டால் ப்ராப்பர்ட்டீஸ் என்ற கிளையைத் திறந்தால் டிஸ்ப்ளேநேம் வரியில் பெயர் இருக்கும், அதை வைத்துப் பிடித்துவிடலாம்.